கோவேறு கழுதைக்குத் தீனி வைக்கும் முறை

கேதார்நாத் நடைபாதை கௌரிகுண்டில் சுமார் 1,980 மீட்டர் உயரத்தில் தொடங்கி, கோயிலை அடையும்போது 3,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. இந்த ஏற்றத்தில் யாத்திரிகர்களையும் மூட்டை முடிச்சுகளையும் சுமக்கும் கோவேறு கழுதைகளுக்குத் தெம்பு வேண்டும் என்று கடலை, தவிடு, வெல்லம் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுப்பதுண்டு. நோக்கம் நல்லதுதான், வயிறுதான் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை உட்பட, குதிரை இனத்தின் இரைப்பை, உடலின் பருமனோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது. மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்கிறது. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நார்ச்சத்தோ அதற்கு அப்பாலுள்ள பெருங்குடலுக்கும் அதன் தொடக்கத்தில் பை போல் அமைந்த குருட்டுக்குடலுக்கும் சென்று, அங்கு வாழும் நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்டு, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலந்து ஆற்றல் தருகிறது. ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குள் வழிந்து, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களைப் பெருக்குகிறது. அமிலம் கூடக்கூட நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிகின்றன. நச்சுகள் இரத்தத்தில் கசிகின்றன. வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வருகின்றன. முன்னங்கால்களை நீட்டி, உடல் எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றி நிற்கும் விலங்கைக் கண்டால், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் 300 கிலோ விலங்குக்கு, உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு நாலரை கிலோ உலர்தீவனம் ஏறத்தாழப் போதும். கடும் சுமை தூக்கும் நாளில் இது 2 சதவீதத்தையும் கடக்கலாம். அப்போதும் பெரும்பகுதி உலர்புல்லாகவே இருக்க வேண்டும்; தானியத்தைப் பல வேளைகளாகப் பிரித்து, புல் தின்ற பிறகு கொடுப்பது நல்லது.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு பாஸ்பரஸ் உள்ளது. அதையே முக்கியத் தீனியாக நெடுநாள் கொடுத்தால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ஈடுகட்டுகிறது. தாடை வீங்குகிறது, நொண்டல் வருகிறது. கால்சியம் மிகுந்த குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை ஓரளவு சேர்ப்பது இதற்கு எளிய மாற்று.

குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தப்பட்டு வேலை நின்றதும் தானியத்தையும் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிடரியில் கொழுப்பு திரளும். கொழுத்ததை இளைக்கவைக்கப் பட்டினி போடுவது அதைவிட ஆபத்து. தேங்கிய கொழுப்பு ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். தந்தையான கழுதையின் இனத்தில் இந்தப் போக்கு குறிப்பாக அதிகம். ஆகவே தானியத்தைப் பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தை வைக்கோலால் நிரப்புவதே முறை. குடல் நுண்ணுயிரிகள் புதிய தீனிக்குப் பழகவும் ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கிறது.