ஃபோர்க் பைப்பில் எண்ணெய் வழிகிறதா? சீல் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்

பைக்கின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தாலே, எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையமான சீல் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறோம். புது சீலும் போடுகிறோம். ஒரு மாதத்துக்குள் அதே பக்கம் திரும்பவும் வழிகிறது. உடனே சீல் டூப்ளிகேட் என்று பழி விழுகிறது. அப்படித் திரும்பி வரும் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தால் பைப்பில் துருப்புள்ளி இருக்கும், அல்லது பைப்பை ஆடாமல் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கும். இந்த மூன்றில் எதைச் சரி செய்யாமல் விட்டாலும் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

முதலில் கசிவுதானா என்று உறுதி செய்யுங்கள். பைப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். பைப்பில் லேசான மினுமினுப்பு மட்டும் இருந்து விரலில் எண்ணெய் ஒட்டவில்லையென்றால் கவலை வேண்டாம். சீலின் உதடு காய்ந்துபோகாமலிருக்க அந்த மெல்லிய படலம் தேவை. வளையம் போல எண்ணெய் தேங்கினாலோ கீழே வழிந்தாலோதான் கசிவு. பைப் காய்ந்திருக்க, அடியில் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் அதற்கும் சீலுக்கும் சம்பந்தமில்லை. அடி அல்லன் போல்ட்டின் செம்பு வாஷர் விட்டிருக்கும்.

வழிந்த எண்ணெய் டிஸ்க்கையோ பேடையோ தொட்டுவிட்டால் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. டிஸ்க்கை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேடை என்ன செய்தாலும் நம்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும். தீயில் காட்டுவது, பெட்ரோலில் ஊற வைப்பது என்று பலரும் செய்கிறார்கள். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், சூடேறும்போது உள்ளே ஊறியது வெளியே வரும். அதுவும் அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில் வரும்.

செலவே இல்லாத வழியை முதலில் முயன்று பாருங்கள். சேற்றிலும் புழுதியிலும் ஓடிய வண்டியில் சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், அந்த இடைவெளியில் எண்ணெய் ஏறிவிடும். சீலில் கிழிசலே இருக்காது. சீலுக்கு மேலே புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை முனை மழுங்கிய திருப்புளியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி மேலே தள்ளுங்கள். அடியில் இருக்கும் மண்ணைத் துணியால் துடைத்து எடுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையின் ஓரத்தில் தூண்டில் முள் போலச் சின்னக் கொக்கி விடுங்கள். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பிசிர் இல்லாமல் ஆக்குங்கள். பட்டையைப் பைப்போடு ஒட்டியபடி சீலுக்குள் இறக்கி, பைப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து மேலே இழுங்கள். கொக்கியில் கறுப்பாக ஏதாவது ஒட்டி வரும். துடைத்துவிட்டு இரண்டு மூன்று சுற்று செய்யுங்கள். அப்போது கொஞ்சம் எண்ணெய் வெளியே வரும், பயப்பட வேண்டாம். திரும்ப அழுத்திப் பார்த்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, நின்றுவிட்டால் வேலை முடிந்தது. திருப்புளி, பிளேடு போன்ற இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள். உதட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் சீல் மாற்றியே ஆக வேண்டும்.

இதற்கும் நிற்கவில்லையென்றால் பைப்பைப் பாருங்கள். கண்ணைவிட நகம் நம்பகமானது: நகத்தை மேலிருந்து கீழாக, பைப்பின் முன்பக்கத்தில் கவனமாக இழுங்கள். கல் தெறிப்பதும் மழை அடிப்பதும் முன்பக்கம்தான். நகம் தடுக்கும் இடத்திலெல்லாம் குரோம் உரிந்து குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டை அரம்போல ராவும்.

எல்லாக் குழியும் ஆபத்தில்லை. டஸ்ட் சீலை ஒட்டிப் பைப்பில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்கு அது மேலே தள்ளப்பட்டு நிற்கும். அதற்கு மேலே இருக்கும் துருவை சீல் தொடுவதில்லை. கீழே இருப்பதுதான் பிரச்சினை. சின்னக் குழிகளைத் தற்காலிகமாக அடைக்கலாம். 1000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, குழியின் கூர் விளிம்பை மட்டும் மழுக்குங்கள். ஊசியால் துருவைச் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு பொருள் கலந்து பூசும் எபாக்ஸியைக் கொஞ்சம் மேடாக வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு 2000 நம்பர் தாளால் சமமாக்குங்கள். எப்போதும் பைப்பைச் சுற்றித் தேயுங்கள், மேலும் கீழுமாகத் தேய்க்காதீர்கள். நீளவாட்டில் விழும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும். குழிகள் நிறைய இருந்தாலோ குரோம் செதிலாக உரிந்தாலோ பைப்பை மாற்றுவதுதான் வழி.

இனி சீல் மாற்றும் வேலை. நான் சொல்வது சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு மட்டும். மெல்லிய பைப் கீழே இருக்கும் தலைகீழ் ஃபோர்க்கும், டேம்பர் தனி உருளையாக உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கும் சிறப்புக் கருவி இல்லாமல் தொடக்கூடாதவை.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல், அடி போல்ட்டின் செம்பு வாஷர் வாங்குங்கள். சீலில் 37, 50, 11 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம், எல்லாம் மி.மீ. கணக்கு. முதல் இரண்டு பொருந்தினால் போதும் என்று உயரத்தை விட்டுவிட்டால் சீலை நகராமல் மேலிருந்து பிடிக்கும் லாக் கிளிப் தன் பள்ளத்தில் உட்காராது.

கழற்றும் வரிசை முக்கியம். ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே, மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பைப்பின் தலை மூடியை அரைச் சுற்று மட்டும் இளக்கி விடுங்கள். வெளியே எடுத்த பிறகு இளக்க நினைத்தால் பைப் கையோடு சுற்றும். கிளாம்ப்புக்கு மேலே பைப் எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை இன்ஜினுக்கு அடியில் ஆடாமல் முட்டுக்கொடுத்து, சக்கரத்தையும் மட்கார்டையும் எடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி, பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சில்லு சொருகுங்கள். யாராவது தெரியாமல் லீவரை அழுத்தினாலும் பிஸ்டன் வெளியே வராது.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அடி அல்லன் போல்ட்டில்தான். அது ஃபோர்க்கின் துள்ளலை அடக்க உள்ளே இருக்கும் டேம்பர் ராடில் மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் ராடைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அதனால் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே ஒருவர் ஃபோர்க்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் போல்ட்டை இளக்க வேண்டும். அப்படியும் சுற்றினால், துடைப்பக்கட்டையின் முனையை நான்கு பக்கமும் சீவி மேலிருந்து ராடின் தலையில் இறுகத் திணித்துப் பிடியுங்கள்.

தலை மூடியைக் கடைசிப் புரிகளில் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, மேலே தடிமனான துணி போட்டு அழுத்திக்கொண்டே திறங்கள். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வையுங்கள். எண்ணெயை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, பத்து முறை அழுத்தி இழுத்து, முழுக்க வடியும் வரை தலைகீழாக வையுங்கள்.

டஸ்ட் சீலையும் லாக் கிளிப்பையும் எடுத்த பின் ஃபோர்க் இரண்டு வகையில் பிரியும். தனி புஷ் உள்ள ஃபோர்க்கில் பைப்பை நாலைந்து முறை வெடுக்கென இழுத்தால் சீலும் வாஷரும் மேல் புஷ்ஷும் சேர்ந்து வரும். புஷ் இல்லாத சிறிய வண்டிகளில் பைப் மட்டும் வந்துவிடும், சீல் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான பாட்டம் கேஸிலேயே தங்கிவிடும். அதை நெம்பும்போது கேஸின் விளிம்பில் மரத்துண்டு வைத்து நெம்புங்கள். அலுமினியம் நசுங்கினால் புது சீல் நேராக இறங்காது.

புஷ்ஷின் சாம்பல் நிற டெஃப்ளான் பூச்சு முக்கால்வாசி தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷில் பைப் ஆடும். ஆடும் பைப்பை எந்த சீலாலும் சீராகப் பற்ற முடியாது. பைப்பைச் சமமான கண்ணாடிப் பலகையில் உருட்டி, அடியில் வெளிச்சம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பல மேனுவல்கள் வளைவுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.2 மி.மீ.தான்.

கோர்க்கும்போது புஷ், வாஷர், சீல், கிளிப், டஸ்ட் சீல் என்பதே வரிசை. பைப்பின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் போர்த்தி, மேலே ஃபோர்க் ஆயில் தடவி அதன் வழியாக சீலை இறக்குங்கள். பை இல்லாமல் இறக்கினால் பைப் முனையின் கூர் விளிம்பு புது சீலின் உதட்டை முதல் நொடியிலேயே வெட்டிவிடும். எழுத்துள்ள பக்கம் மேலே, சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழே. அடித்து இறக்கப் பழைய சீலே நல்ல கருவி. அதை ஓரிடத்தில் வெட்டி, புது சீலின் மேல் வைத்து, பைப்பைவிடச் சற்றுப் பெரிய பிவிசி குழாயால் சுற்றிலும் சீராகத் தட்டுங்கள். சீல் அடியில் உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் கெட்டியாக மாறும். வெட்டியதால் பழைய சீலைச் சுலபமாக எடுத்துவிடலாம். கிளிப்பின் பள்ளம் முழுச் சுற்றும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கிளிப்பைப் போடுங்கள். அடி போல்ட்டுக்குப் புது செம்பு வாஷரும், புரியில் நடுத்தர வலிமையுள்ள நீல நிறப் பூட்டுப் பசை ஒரு துளியும் வேண்டும்.

எண்ணெயில் தாராளம் காட்டாதீர்கள். ஃபோர்க்கில் எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கணக்குக்கு, ஃபோர்க் விரிந்திருக்கும்போது 220 மி.மீ. காற்று நிற்கிறது, முழுக்க அமுங்கும்போது 100 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 2.2 மடங்கு நெருக்கப்படுகிறது. எண்ணெய் மட்டத்தை 50 மி.மீ. கூட்டிவிட்டால் 170 மி.மீ. காற்று 50 மி.மீ. ஆகும், 3.4 மடங்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அழுத்தம் சீலைத்தான் தள்ளும்.

மேனுவலில் இரண்டு விதமான அளவு இருக்கலாம்: முழுக்கப் பிரித்துத் துடைத்தபின் ஊற்றுவதற்கு ஒன்று, எண்ணெய் மட்டும் மாற்றும்போது ஊற்றுவதற்குக் குறைவாக இன்னொன்று. மி.லி. கணக்கைவிட மட்டத்தை அளப்பது துல்லியம். ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை மெதுவாகப் பத்து முறை அழுத்திக் காற்றை வெளியேற்றி, பத்து நிமிடம் விட்டு, முழுக்க அமுக்கி நேராக நிறுத்தி, பைப்பின் விளிம்பிலிருந்து எண்ணெய் வரை அளங்கள். கூடுதலை ஊசிக்குழலில் சின்ன ட்யூப் மாட்டி உறிஞ்சி எடுங்கள். ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும்.

மேனுவல் சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள். பழைய ஹோண்டா மேனுவல்கள் சில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். எண்ணெயையே சொல்கின்றன; அதைப் பார்த்து இன்ஜின் ஆயிலும் ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் அடைக்கும், பிறகு சீல் மென்மையாகிக் கிழியும்.

மாட்டும்போது எழுதி வைத்த உயரத்தைச் சரிபார்த்து, கிளாம்ப்புகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குங்கள். ஆக்ஸிலைக் கெட்டி செய்த பிறகு, ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முறுக்கும் முன், முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலு முறை அழுத்துங்கள். இரண்டு காலும் தாமாக நேர்ப்படும். இதைத் தவறவிட்டால் கால்கள் கோணலாகவே இறுகிப் பைப் ஒரு பக்கமாக உரசும், சீல் அங்கேதான் முதலில் விடும்.

சாலைக்கு எடுக்கும் முன் பிரேக் லீவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். 100 கி.மீ. ஓடிய பின் பைப்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை வளையமாகப் பதிந்தால், எந்தப் பக்கம், எந்த உயரம் என்று குறித்துக்கொண்டு, திரும்பவும் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள்.