செய்வினையும் இல்லை, வளர்ப்பும் இல்லை: மனச்சிதைவு எங்கிருந்து வருகிறது?

"நல்லாத்தான் இருந்தான் தம்பி, தேசிய சேவைக்குப் போனான், அதுக்கப்புறம்தான் இப்படி." சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், செஸ் கட்டம் போட்ட கல்மேசையில் உட்கார்ந்து ஒரு அக்கா சொன்னது. மகனுக்கு ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறது. சோற்றில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். ஊரிலிருந்து மாமியார் போன் போட்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறாராம்.

இல்லாத குரல் கேட்பது, இப்படி வீண் சந்தேகம் வருவது எல்லாம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற நோயின் அறிகுறிகள். ஆண்களுக்கு அது பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவக் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரை. இங்கே பையன்கள் ராணுவம், போலீஸ் என்று கட்டாயத் தேசிய சேவைக்குப் போவதும் 18 வயதை ஒட்டித்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் ஒன்றின் தலையில் இன்னொன்றின் பழி விழுகிறது. பெண்களுக்குச் சில வருடம் தள்ளி வரும், அப்போது கல்யாணமோ பிரசவமோ மாட்டிக்கொள்ளும். அழுத்தம் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல வரவில்லை, ஏற்கெனவே பாரம் ஏறி நிற்கும் வண்டிக்குக் கடைசி மூட்டையாக அது இருக்கலாம்.

அந்தப் பாரத்தில் பெரும்பங்கு மரபணு. ஆனால் ஒற்றை மரபணு கிடையாது, நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. ஒரே அச்சான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிகூட இல்லை. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருவது, அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் 100இல் சுமார் 10 என்று ஏறும், அதாவது 90 பிள்ளைகளுக்கு வராது. நோயாளிகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை. சம்பந்தம் பேசும்போது "அந்தக் குடும்பத்துல பைத்தியம் இருக்காம்" என்று கிசுகிசுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

மற்ற மூட்டைகள் கருவிலேயே ஏறத் தொடங்கும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அதன் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறுவது, அப்பாவின் வயது கூடுதலாக இருப்பது ஆகியவையும் கொஞ்சம் சேர்க்கும்.

சரி, கருவில் நடந்தது எதற்கு 18 வயதுவரை காத்திருக்க வேண்டும்? நடைபாதையில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியைக் கிள்ளிவிடுவது போல, பதின்பருவத்தில் மூளை தன் நரம்பு இணைப்புகளில் வேண்டாதவற்றைக் கழிக்கிறது. எதைக் கழிப்பது என்று அடையாளம் வைக்கும் வேலையில் சி4 என்ற மரபணுவுக்குப் பங்குண்டு. அதன் சில வகைகள் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2016இல் கண்டார்கள். அளவு மீறிக் கத்தரித்தால் வேண்டிய கிளையும் போய்விடுகிறது என்பது ஊகம், எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்தக் கழிப்பு நடக்கும் வயதில் கஞ்சா பெரிய வம்பு, அதுவும் வீரியம் கூடியதைத் தினமும் புகைத்தால். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் "அங்கே சட்டப்படி சரிதான்" என்பார்கள். சட்டம் வேறு, மூளை வேறு.

"அப்ப, நான் வேலை வேலைன்னு ஓடி, சரியா வளர்க்கலையோ?" என்றார் அக்கா. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் தாயைக் குற்றம் சொன்னார்கள், ஆதாரம் நிற்காததால் பிறகு கைவிட்டார்கள். இதைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகும் என்பதால், குரல் கேட்க ஆரம்பித்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன்.

எட்டு மாதமாம். பரிகாரம் செய்வதிலேயே போய்விட்டது.