மூக்கு பெரிதில்லை, போன்தான் பக்கத்தில் இருக்கிறது

போன வாரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒரு பெண் தன் அம்மாவுடன் ஸ்டுடியோவுக்கு வந்தாள். வயது 19. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடுங்க." எல்லாரும் கேட்பதுதானே என்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அவளுடைய அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். மூக்கை ஆபரேஷன் செய்து சின்னதாக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு மருத்துவமனையில் விசாரித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். மூக்கு பெரிது என்பதற்கு அவள் காட்டிய சாட்சி, போனில் இருந்த செல்ஃபிகள்.

22 வருடமாக முகங்களைப் படம் எடுக்கிறேன். அந்த மூக்கில் ஒரு குறையும் இல்லை. இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் அவள் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டைவிரலை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். எதிர்வீட்டுத் தென்னைமரமே மறைந்துவிடும். செல்ஃபியில் மூக்குக்கு நடப்பதும் இதுதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதியும். அதே ஆளை 150 செ.மீ. தள்ளி நின்று எடுங்கள். 150-க்கும் 162-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? 8 சதவீதம்தான். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 5 அடியில் எடுத்த படத்தைவிட 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பெண் கத்திக்குத் தயாராகிறாள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. "போன்ல வைடு லென்ஸ், அதான் மூஞ்சி அப்படி வருது" என்கிறார்கள். லென்ஸ் காரணமில்லை. ஒரே இடத்தில் நின்று, நிறைய இடத்தை அடக்கிக் காட்டும் வைடு லென்ஸில் ஒன்று, முகத்தை நெருக்கிப் பெரிதாகக் காட்டும் 85 எம்எம் லென்ஸில் ஒன்று எடுங்கள். வைடு படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கும் காதும் அதே விகிதத்தில்தான் இருக்கும். வைடு லென்ஸ் நம்மை முகத்துக்குப் பக்கத்தில் போகவைக்கிறது, அவ்வளவுதான். முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம். 'நல்ல லென்ஸ் உள்ள போன் வாங்கினால் சரியாகிவிடும்' என்று நினைத்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். கையை நீட்டி எடுக்கிறவரை எந்தப் போனும் இதைத்தான் செய்யும்.

அன்றைக்கு அந்தப் பெண்ணையே ஒரு செல்ஃபி எடுக்கச் சொன்னேன். அப்புறம் அவள் அம்மாவை ஆறடி தள்ளி நிற்கவைத்து, அதே போனில் ஜூம் செய்து எடுக்கச் சொன்னேன். இரண்டையும் மானிட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கி மாதிரி வைத்து, முதல் படத்தில் மூக்கை அளந்தாள். விரலை அசைக்காமல் இரண்டாவது படத்துக்குக் கொண்டுபோனாள். இடைவெளி மிஞ்சியது. திரும்பவும் அளந்தாள்.

நிறத்தின் கதையும் இப்படித்தான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பத்துப் பேர் நிற்கும் குரூப் போட்டோவில் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அடி வாங்குவது கறுத்த முகங்கள். கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே இருட்டாக விழும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி எடுத்திருந்தால் முகம் முகமாக வந்திருக்கும். அது எடுத்தவரின் அவசரம். ஆனால் வீட்டில் கேட்பது "நீ ஏன் இவ்வளவு கறுப்பா விழுந்திருக்க?"

கோளாறு பழையது. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் கொடுத்துவந்தது. ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி என்று கணக்கு. வேறு நிறத்துப் பெண்களும் சேர்ந்த கார்டு 1990-களில்தான் வந்தது. அத்தனை வருடமும் கறுத்த தோல் படத்தில் சரியாக வராததை, கறுத்த தோலின் குறை என்றே உலகம் நம்பியது.

நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த காலத்திலிருந்தே நாங்களும் இதில் பங்காளிகள்தான். அப்போது பரு, தழும்பு அளவோடு நின்றது. இப்போது ஆல்பத்துக்குப் போகும் கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் தோலின் துவாரம் ஒன்றுகூட மிச்சமில்லை. நிறத்தை ஏற்றி, இடுப்பைக் குறுக்கி, கழுத்தை நீட்டுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு மணப்பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்ட நாளில் நிறுத்தினேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பல போன்களில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். முகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? வேறு ஒருவரை ஐந்து, ஆறு அடி தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபியைக் காட்டி எந்த டாக்டரிடமும் ஆபரேஷன் பேசாதீர்கள். கல்யாணப் போட்டோகிராபரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "நிறத்தையும் உடம்பையும் மாற்றக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். வரன் பார்க்கும் வீட்டார், "கலரா ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்பதை தயவுசெய்து விடுங்கள். அந்த வாட்ஸ்அப் வரி என் மேஜைக்குத்தான் வருகிறது. கூடவே அந்தப் பெண்ணும் வருகிறாள், தலையைக் குனிந்துகொண்டு.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை மணிக்கணக்கில் கண்ணாடி முன்னாலும் செல்ஃபி முன்னாலும் ஒரே உறுப்பைப் பார்த்துத் தவித்தால், குரூப் போட்டோவுக்கு வராமல் ஒளிந்தால், "எல்லாம் அழகாத்தான் இருக்க, போ" என்று விரட்டாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.