பிரிண்ட் பட்டனுக்கும் காகிதத்துக்கும் நடுவே: லினக்ஸில் அச்சு எப்படி நடக்கிறது?

லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பலரும் உடனே டிரைவரை, அதாவது அந்த பிரிண்டருக்கென்றே உள்ள துணை மென்பொருளை, தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அதுதான் சரியான வழி. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் வந்த வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவரே வேண்டாம். சொல்லப்போனால், வேண்டாத இடத்தில் நிறுவிய டிரைவரே பல சிக்கல்களுக்குக் காரணமாகிவிடுகிறது. இந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், அச்சு நின்றுபோகும்போது எங்கே பார்ப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் எழுதிய இதன் முதல் வெளியீடு 1999இல் வந்தது. 2007இல் ஆப்பிள் இதை வாங்கியது. மேக் கணினிகளிலும் ஓடுவது கப்ஸ்தான். ஸ்வீட் ஆப்பிளைவிட்டு விலகிய பின், லினக்ஸுக்கான பதிப்பை ஓப்பன்பிரிண்டிங் என்ற குழு பராமரிக்கிறது.

கப்ஸ் பின்னணியில் ஓடும் ஒரு சிறிய சர்வர். 631ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில், காத்திருக்கும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். (அங்கே பிரிண்டரைச் சேர்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கும், டெபியன், உபுண்டு போன்றவற்றில் உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும், ஆனால் உங்கள் கணக்கு, பிரிண்டர்களை நிர்வகிக்க உரிமையுள்ள எல்பிஅட்மின் குழுவில் இருக்க வேண்டும்.)

நீங்கள் பிரிண்ட் பட்டனை அழுத்தியதும், ஆவணம் பெரும்பாலும் பிடிஎஃப் வடிவத்தில் கப்ஸின் வரிசையில் போய் நிற்கிறது. அடுத்து வருபவை ஃபில்டர்கள். பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு அந்த பிடிஎஃபை மாற்றுவது இவற்றின் வேலை. பிடிஎஃபை அப்படியே வாங்கிக்கொள்ளும் பிரிண்டர்களும் உண்டு. மற்றவற்றுக்குப் பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கித் தர வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று வைத்தால், ஒரு ஏ4 பக்கத்தில் சுமார் 4,960 × 7,016, அதாவது ஏறக்குறைய 3.48 கோடி புள்ளிகள். வண்ணத்துக்குப் புள்ளி ஒன்றுக்கு 3 பைட் என்றால் ஒரே பக்கம் 100 எம்பியைத் தாண்டும். அதனால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். படம் நிறைந்த பக்கம் வெளிவரத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியாக, பேக்கெண்ட் என்ற பகுதி அந்தத் தரவை யூஎஸ்பி வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ பிரிண்டரிடம் சேர்க்கிறது.

சரி, எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று கப்ஸுக்கு எப்படித் தெரியும்? முன்பு அதைச் சொல்ல ஒவ்வொரு மாடலுக்கும் பிபிடி என்ற விவரக் கோப்பு தேவைப்பட்டது. காகித அளவு, தெளிவு, இருபக்க அச்சு எல்லாம் அதில் எழுதியிருக்கும். டிரைவர் என்று நாம் தேடியது பெரும்பாலும் இந்தக் கோப்பையும் அதற்குரிய ஃபில்டரையும்தான். இப்போது கப்ஸ் பிரிண்டரிடமே கேட்டுவிடுகிறது. ஐபிபி என்ற நெறிமுறை வழியாக ‘உன்னால் என்னென்ன முடியும்?’ என்று கேட்டால், ஏற்கும் வடிவங்கள், காகித அளவுகள், சில சமயம் மை அளவு வரை பிரிண்டர் பதில் சொல்கிறது. 2010இல் வந்த ஏர்பிரிண்ட், அதாவது ஐபோன் போன்றவற்றிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிட ஆப்பிள் தந்த வசதி, இந்தப் போக்குக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது. செல்பேசிகளுக்காகத் தயாரிப்பாளர்கள் செய்துகொடுத்த வசதியில் லினக்ஸ் பயனர்களும் பெரும் பலன் அடைந்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த திருப்பம்.

பிரிண்டர் தன் இருப்பை எம்டிஎன்எஸ் என்ற முறையில் நெட்வொர்க்கில் அறிவிக்கும். லினக்ஸில் அவாஹி என்ற நிரல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். யூஎஸ்பியில் இணைத்தாலும், புதிய மாடலாக இருந்தால் ஐபிபி-யூஎஸ்பி என்ற சிறு நிரல் இதே உரையாடலைக் கேபிள் வழியே நடத்திவிடும். ஆக, பிரிண்டரை வைஃபையில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அது பட்டியலில் தானாகவே தோன்றும். ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் தெரிந்தால், டிரைவர் இல்லாத வழியில் வந்ததை முதலில் முயன்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அச்சு வரவில்லையா? முதலில் கணினியை மறந்துவிட்டு, பிரிண்டரின் சொந்தப் பட்டன்களால் ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். அதுவே கோடு கோடாக வந்தால் சிக்கல் லினக்ஸில் இல்லை.

பட்டியலில் பிரிண்டரே தெரியவில்லை என்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். விருந்தினர் வைஃபைகளில் பல, கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும். எம்டிஎன்எஸ் பயன்படுத்தும் யூடிபி 5353ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்தால் பிரிண்டரின் அறிவிப்பு உங்களுக்கு வந்து சேராது. விபிஎன் ஓடினால் நிறுத்திப் பாருங்கள். நேற்றுவரை வேலை செய்து இன்று நின்றிருந்தால், ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது.

பலரைக் குழப்புவது இன்னொன்று: பிரிண்டரைத் திரும்ப ஆன் செய்த பிறகும் எதுவும் வராது. முன்பு அனுப்பியது தோற்றபோது கப்ஸ் அந்த வரிசையை நிறுத்திவைத்திருக்கும். நாம் சொல்லும்வரை அது அப்படியே நிற்கும். எல்பிஸ்டாட் கட்டளை இதைக் காட்டும். நிர்வாகப் பக்கத்தில் ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் போதும். புதிதாக நிறுவத் தேவையே இல்லை.

வேலை முடிந்தது என்று கப்ஸ் சொல்கிறது, காகிதம் மட்டும் வரவில்லை. இப்படி நடந்தால் இணைப்பு முகவரியைப் பாருங்கள். 9100ஆம் போர்ட் வழியே அனுப்பும் பழைய முறையில் தரவைத் தள்ளிவிடுவதோடு சரி. அச்சானதா என்ற உறுதியான பதில் திரும்பி வராது. பிரிண்டருக்குப் புரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும், அல்லது பக்கம் பக்கமாகக் கிறுக்கலைக் கொட்டும். கிறுக்கலின் முதல் வரி %! என்று தொடங்கினால், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி தெரியாத பிரிண்டருக்கு அந்த மொழியில் தரவு போயிருக்கிறது. தவறான டிரைவரை நீக்கி, ஐபிபி வழியாகத் திரும்பச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘ஃபில்டர் ஃபெயில்டு’ என்று வந்தால் மாற்றும் கட்டத்திலேயே ஏதோ உடைந்திருக்கிறது. கப்ஸின் பதிவு நிலையை டீபக்குக்கு மாற்றிவிட்டு மறுபடி அச்சிடுங்கள். எந்த ஃபில்டர் விழுந்தது என்பதைப் பிழைப் பதிவில் காணலாம். சில சமயம் அந்த ஃபில்டர் கணினியில் இருக்கவே இருக்காது. சில நிறுவனங்கள் தங்கள் டிரைவரை இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமே தருகின்றன. வேறு வகைச் செயலி கொண்ட ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் அது ஓடாது.

ஒரு எச்சரிக்கை: 631ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணை நிரலில் கண்டறியப்பட்ட ஓட்டை, அந்த போர்ட்டுக்கு வரும் யூடிபி பாக்கெட்டுகளை நம்பியதால்தான் வந்தது.

உண்மையிலேயே பழைய பிரிண்டர்களுக்கு இன்றும் டிரைவர் வேண்டும். எச்பிக்கு எச்பிலிப், வேறு பலவற்றுக்கு குட்டன்பிரிண்ட். ஆனால் அடுத்த பெரும் பதிப்பான கப்ஸ் 3இல் பிபிடி கோப்புகளுக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக, பிரிண்டர் அப்ளிகேஷன் என்ற தனி நிரல் பழைய டிரைவரைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கப்ஸின் கேள்விகளுக்குப் பிரிண்டர் சார்பில் ஐபிபியில் பதில் சொல்லும். கப்ஸின் பார்வையில் அது மற்றுமொரு டிரைவர் வேண்டாத பிரிண்டராகத்தான் தெரியும்.