‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது’ என்பவர்களுக்கு

போன மாதம் தம்பு செட்டித் தெருவிலுள்ள என் அலுவலகத்துக்கு வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவம். ‘குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ என்பதற்கு எதிரே பென்சிலில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். பயம் உள்ளவர்கள் ஏனோ பென்சிலில்தான் எழுதுகிறார்கள்.

“ஒரே ஒரு செவன்டி ஃபைவ் கேஸ் சார். ஃபைன் கட்டிட்டேன், அன்னைக்கே முடிஞ்சிடுச்சு.”

1888-ஆம் ஆண்டு சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் போடுவார்கள். மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் ஃபைனும் தண்டனைதான். இதைக் கோர்ட் வாசலில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பென்சிலை அழிக்கச் சொன்னேன். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மறைத்தது தெரிந்தால் அதை வைத்தே வேலையை ரத்து செய்யலாம், வழக்கு அற்பமானது என்றால், மறைத்ததையும் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னவரைக்கூட எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ‘சொன்னால் வேலை நிச்சயம்’ என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

தண்டனை பெற்றவர்களை ஒதுக்கக்கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் ஏதும் கிடையாது. அரசியலமைப்பின் 14, 16-ஆவது பிரிவுகள் அரசு வேலைக்குத் துணை நிற்கும். தனியார் முதலாளியிடமோ வீட்டு ஓனரிடமோ அவற்றைக் காட்ட முடியாது.

இருக்கும் கதவுகள் இரண்டு. 18 வயதுக்குள் நடந்த குற்றமென்றால், 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 16 வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இன்னொன்று 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். தூக்கு, ஆயுள் வரை போகாத குற்றமென்றால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி நீதிமன்றம் விடுவிக்கலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆவது பிரிவு. ஆனால் இதைத் தண்டனை சொல்வதற்கு முன்பே கேட்பதுதான் நல்லது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பு நகலோடுதான் வருகிறார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள், சட்ட உதவி மையத்தில் எடுப்பார்கள்.

இளைஞர் பேனாவால் ‘ஆம்’ என்று எழுதினார். என்ன நடந்தது என்று நான்கு வரி, அப்புறம் தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பி. பதில் இன்னும் வரவில்லை.