இங்கிலாந்தில் குடியேறியவர்களுக்கு இலவச மனநல ஆலோசனை

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் இங்கிலாந்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அரசு மருத்துவச் சேவைக்கென்று (என்.எச்.எஸ்.) ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவரானால் 776 பவுண்டு முன்கூட்டியே கட்டுகிறார்கள். சுகாதார, பராமரிப்புப் பணி விசாக்காரர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, உரிமை உண்டு. புகலிடம் கோரியிருப்பவர்களுக்கும் அப்படித்தான். இந்த உரிமையில் மனநலமும் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

'என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ்' என்ற சேவை 2008 முதல் இயங்குகிறது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, பழைய பயங்கரங்களின் நினைவு ஆகியவற்றுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை தருகிறார்கள். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டாம். 18 வயது நிரம்பியவர் இணையத்திலோ தொலைபேசியிலோ தாமே பதியலாம். ஜி.பி. எனப்படும் உங்கள் பகுதிப் பொது மருத்துவரிடம் பதிந்திருந்தால் போதும். அந்தப் பதிவுக்கு முகவரிச் சான்றோ விசா ஆதாரமோ கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்பார்கள். இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள்.

முதல் அழைப்பில் இரண்டு வினாத்தாள்கள் வரும்: சோர்வு பற்றி 9 கேள்விகள், பதற்றம் பற்றி 7. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்பார்கள். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்று சொல்லிப் பழகிய நாக்கு இங்கேயும் அதையே சொல்லும். மதிப்பெண் குறையும், தேவைப்பட்ட சிகிச்சைக்குப் பதில் படித்துப் பார்க்கச் சில பக்கங்கள் கிடைக்கும். நெஞ்சு பாரம், தலையிடி, சாப்பாடு இறங்காமை என்று உடம்பில் தெரிவதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊரைப் பிரிந்த ஏக்கம், வேலையிடத்து அவமானம், மொழி வராத கூச்சம் எல்லாம் அங்கே பேசக்கூடிய விஷயங்களே.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பதியும்போதே கேளுங்கள், செலவு உங்களுடையதல்ல. ஆணா பெண்ணா, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்ற விருப்பத்தையும் சொல்லலாம், ஆள் கிடைப்பதைப் பொறுத்து. பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தாயின் துக்கத்தைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் கொடுமை.

பேசியது முதலாளிக்கோ உறவினருக்கோ போகாது. உங்களுக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு நேரலாம் என்ற நிலையில் உரியவர்களுக்குத் தெரிவிப்பார்கள்.

பதிந்தவர்களில் 75 சதவீதத்தினருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. முதல் சந்திப்புக்குப் பின் அடுத்ததற்கு நீண்ட காத்திருப்பு இருக்கலாம்; நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

தாங்க முடியாத நெருக்கடியென்றால் இதற்குக் காத்திருக்க வேண்டாம். என்.எச்.எஸ். உதவி எண் 111ஐ அழைத்து, மனநல உதவிக்கு 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.