நாயைவிட முக்கியம் நாயோடு போகும் பை

அங்கிருப்பவர்கள் கொஞ்சிப் பழக முதியோர் இல்லத்துக்கு நாயைக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லாரும் "கடிக்காதுங்களா டாக்டர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கோபிப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். எங்கள் கருப்பிக்கு ஏழு வயது, நாட்டு நாய், பழகிய நாய். அவள் கடிப்பாள் என்ற பயம் எனக்கு இல்லை. எனக்குப் பயமெல்லாம் கட்டிலடியில் கிடக்கும் மாத்திரையைப் பார்த்துத்தான்.

ஒருநாள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டு எதையோ மென்றுகொண்டே வந்தாள். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தால், பாதி கரைந்த வலி மாத்திரை. மூட்டுவலிக்கு நாம் சர்வசாதாரணமாகப் போடும் டைக்ளோஃபினாக்கும் இபுபுரூஃபனும் நாய்க்கு ஆகவே ஆகாது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அன்றிலிருந்து என் பையில் முதல் சாமான் டார்ச் லைட். கருப்பி வெளியே காத்திருக்க, நான் ஒவ்வொரு கட்டிலடியாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவளை உள்ளே விடுவேன்.

மாத்திரைக்கு அடுத்து தைலம். "ஆத்தா, முழங்காலுக்கு ஏதாச்சும் தேச்சிருக்கீங்களா?" என்று கேட்காமல் கருப்பியைப் பக்கத்தில் விடுவதில்லை. "இப்பத்தான் கண்ணு தேச்சேன்" என்று பதில் வந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு மடியில் ஒரு சென்னிமலைப் போர்வையை விரித்துவிடுவேன். வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டை நாய் நக்கினால் விஷம். போர்வை இருந்தால் முடியும் ஒட்டாது, நகமும் படாது. ஆளுக்கு ஒரு போர்வை. ஒருவர் மடியில் விரித்ததை அடுத்தவருக்குப் போடுவதில்லை, அதனால் ஐந்தாறாவது கொண்டுபோக வேண்டும்.

நகத்தை முந்தின நாளே வெட்டி, அரத்தால் ராவிவிட வேண்டும். வெட்டினதும் அப்படியே விட்டால் முனை கத்தி மாதிரி நிற்கும். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு போல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை விட்ட ஓரிரு நாளுக்கு எங்கும் கூட்டிப் போகாதீர்கள். தடவிக் கொடுப்பவர் கையில் அது ஒட்டும்.

முந்தின நாள் ஒரு போன் போடுவதும் இந்தத் தயாரிப்பில்தான் சேரும். நாய் வருகிறதென்று மரியாதைக்காகத் தரையெல்லாம் பினாயில் போட்டுப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். ஈரப் பினாயிலில் நடந்த நாய் காலை நக்கும், அப்புறம் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும். "வெறும் தண்ணியில துடைச்சாப் போதுமுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தின்பண்டம் பெரிய தொல்லை. ஆசையாகக் கேசரி எடுத்து வைத்திருப்பார்கள், அதில் உலர்திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் அதைவிட ஆபத்து. வேண்டாமென்றால் முகம் வாடிவிடும் இல்லையா? அதனால் கருப்பி தினமும் தின்னும் பிஸ்கட்டை ஒரு டப்பாவில் கொண்டுபோய், "இதிலிருந்து குடுங்க" என்று நீட்டுகிறேன். கை நடுங்குகிறவர்களுக்கு நீளமான மரக்கரண்டி ஒன்று வைத்திருக்கிறேன். கரண்டியில் பிஸ்கட்டை வைத்து நீட்டினால் நாயின் பல் விரலில் படாது. பையிலேயே மலிவான சாமான் அதுதான்.

தண்ணீரும் வீட்டிலிருந்தே போகும். நம்ம பக்கத்துப் போர்த் தண்ணியின் உப்பு ஊருக்கு ஊர் மாறும், கருப்பி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தாதீர்கள். மற்றபடி வெறிநாய்க்கடி, லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி அட்டையின் நகல், மலம் அள்ளப் பை, பழைய பேப்பர், இரண்டு துண்டு.

போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் நாய் ஜிங்கிள்ஸ் சிகிச்சை அறையில் இருந்தால் பேசாத பிள்ளைகளும் நெருங்கி வருவதைக் கவனித்து 1962இல் எழுதினார். அவருக்குப் பையெல்லாம் தேவைப்பட்டிருக்காது. அது ஜிங்கிள்ஸுக்குப் பழகிய அறை. நாம் போவது நாய்க்குப் புது இடம், அங்கே இருப்பவர்களுக்கோ அதுதான் வீடு.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் நான் கருப்பியை அங்கே வைத்திருப்பதில்லை. அவள் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பினால் அவளுக்குப் போதும் என்று அர்த்தம், அதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். போகும்போது ஒரு ஆத்தா அவள் நெற்றியில் திருநீறு பூசுவார். அதை நான் தடுப்பதில்லை.

போன மாதம் டார்ச் வெளிச்சத்தில் அகப்பட்டவை மூன்று மாத்திரை, ஒரு சட்டைப் பொத்தான், கொஞ்சம் திராட்சை. மாத்திரைகளை அங்கிருந்த நர்சம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பிரஷர் மாத்திரையாச்சே, முழுங்கிட்டேன்னு சொன்னாரே" என்றபடி அந்தக் கட்டிலைப் பார்த்து நடந்தார்.